கருப்படித்த வட்டம்

விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் இடது பக்கம் வெள்ளைத் தாள், வலது பக்கம் கோடு போட்ட தாள். இடது பக்கத்தில் படம் வரைய வேண்டும். வலது பக்கத்தில் நோக்கம், தேவையானவை, செய்முறை, முடிவு என்று வரிசையாக எழுத வேண்டும். காரைக்காலில் நாங்கள் பி.எஸ்சி. படித்த மூன்று வருடமும் முடிவைத்தான் முதலில் எழுதினோம். சீனியர் அக்காக்களின் பழைய ரெக்கார்டு ஒன்று வகுப்பு முழுக்கச் சுற்றிவரும். அதில் முடிவு இருக்கும். அதைப் பார்த்து எழுதிவிட்டு, பிறகு அந்த முடிவுக்குத் தக்கபடி செய்முறையைச் சொந்த நடையில் இட்டுக்கட்டுவோம். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

பழ ஈக்களை வளர்த்த கதையைச் சொன்னால் புரியும். ரவையும் வெல்லமும் கனிந்த வாழைப்பழமும் போட்ட பாட்டில்களில் ஈக்கள் பெருகின. சிவப்புக் கண் ஈயும் வெள்ளைக் கண் ஈயும் எத்தனை எத்தனை என்று எண்ண வேண்டும். மூன்றுக்கு ஒன்று என்று வர வேண்டும், அதுதான் பாடம். எங்கள் பாட்டிலில் வரவில்லை. பாதி ஈக்கள் மயக்க மருந்து அதிகமாகிச் செத்துப்போயிருந்தன, சில பறந்தே போய்விட்டன. எண்ணிக்கையைக் கொண்டுபோய் மேடத்திடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ எண்ணுங்கம்மா" என்றார். இன்னொரு தடவை எண்ணினோம், சரியாக மூன்றுக்கு ஒன்று வந்துவிட்டது. நாலில் ஒன்று என்ற அந்தக் கணக்கு அன்றே என் மண்டையில் ஆணியடித்தது போல உட்கார்ந்துவிட்டது.

எனக்குப் படம் வராது. நான் கரப்பான்பூச்சி வரைந்தால் பேரீச்சம்பழத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். என் ரெக்கார்டுப் படங்கள் எல்லாம் என் அக்கா வரைந்தவை. அவள் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த பிறகு ஒருத்திதான் படிக்க முடியும் என்றானபோது அது நான் என்று முடிவானது. முடிவெடுத்தது அவள்தான். சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தால், கரப்பானின் வாயுறுப்புகளை மூக்கைச் சுளித்துக்கொண்டே அச்சு மாதிரி வரைந்துவிடுவாள். "இந்தக் கருமத்தயெல்லாம் படிச்சுட்டு நீ எப்படிடி சோறு திங்கிற?" என்பாள். இறாலின் கால்களைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டும் செய்முறைக்கு நான் மார்க்கெட்டில் வாங்கிவந்த கால் கிலோவில் ஐந்து இறால்தான் கல்லூரிக்குப் போனது. மிச்சத்தை அவள் தொக்கு வைத்தாள்.

அவளுக்கும் மாமா மகனுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். அம்மாவின் ஒரே தம்பி மாமா. பல வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டு அரிசிக்கும் என் கல்லூரிக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் மகனை நாங்கள் இருவரும் அத்தான் என்று கூப்பிடுவோம். அத்தான் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்தார். வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டைக் காலரில் கரி படிந்திருக்கும். அக்கா வாசலிலேயே நிறுத்தி, "மொதல்ல கை கால் கழுவுங்க, அப்பறம் உள்ள வாங்க" என்பாள். அத்தான் வேண்டுமென்றே கரிக் கையால் அவள் கன்னத்தைத் தொடப் போவார். பெரியவர்கள் பேசி வைத்த கல்யாணம் என்று ஊர் நினைத்தது. எனக்குத் தெரியும், அவர்கள் இருவரும் பேசி வைத்ததைத்தான் பெரியவர்கள் பேசினார்கள்.

எங்கள் கத்தோலிக்கச் சபையில் மாமன் மகனைக் கட்டுவதென்றால் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். மாமா அலைந்து திரிந்து அந்தக் கடிதத்தை வாங்கிவந்தார். அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை முடிவில் படிப்பார்கள். அந்த வரியை யாரும் காதில் வாங்குவதில்லை. அந்த நேரத்தில் ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு மதியம் என் மரபியல் ரெக்கார்டு பாக்கி இருந்தது. மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். சொந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை மரபுவழிப் படம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குக் குறுக்குக் கோடு. உறவுக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. பிறவிக் குறை இருப்பவருடைய சதுரத்தையோ வட்டத்தையோ உள்ளே கருப்படிக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

எங்கள் குடும்பத்தில் கருப்படிக்க ஒருத்தி இருந்தாள். அத்தானின் தங்கை, அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. காது கேட்காது, பேச்சும் வரவில்லை. உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துக்கொள்வாள், மீதியைக் கையால் கேட்பாள். பிறவியிலேயே அப்படி என்று எல்லோரும் சொல்வார்கள். மாமாவும் அப்படித்தான் சொல்வார். எனக்கு அவள் கிடைத்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதிர்ஷ்டமாகப் பட்டது. வகுப்பில் மற்றவர்கள் சொட்டைத் தலையையும் நாக்கை மடிக்கத் தெரிவதையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு நிஜமான நோய் இருந்தது.

அக்கா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். இன்னும் நடக்காத தன் கல்யாணத்துக்கும் நான் சொன்னபடி இரட்டைக் கோடு போட்டாள். அதன் கீழே, பிறக்கப்போகும் பிள்ளை ஆணா பெண்ணா தெரியாததால், ஒரு வைர வடிவம் போட்டுக் கேள்விக்குறி வைக்கச் சொன்னேன். அதற்குச் சிரித்தாள். கடைசியில் மாமா மகளின் வட்டத்துக்கு வந்தபோது பேனாவை நிறுத்தினாள்.

"இத கருப்படிக்கணுமா?"

"ஆமா."

நான் வலது பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். 'குடும்பத்தின் மூத்த உறுப்பினர்களிடம் நேரில் கேட்டறிந்து தகவல்கள் திரட்டப்பட்டன' என்ற வரியைச் சீனியர் ரெக்கார்டிலிருந்து அப்படியே இறக்கிக்கொண்டிருந்தேன். நான் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நிஜமாவே கருப்படிக்கணுமாடி?" என்று அக்கா மறுபடியும் கேட்டாள்.

"அடிக்கா, நேரமாச்சு" என்றேன். அடித்தாள். ஓரம் கசியாமல், வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல் அடித்தாள்.

அந்த வாரம் மேடம் என் ரெக்கார்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். "இந்தக் கேள்விக்குறிக்கு என்ன பதில்?" என்று கேட்டு என்னைக் கரும்பலகைக்கு அனுப்பினார். ஒடுங்கு பண்பு, இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் ஜீன், ஆகவே நாலில் ஒன்று என்று எழுதினேன். அவர் "சரி" என்றார், மணி அடித்தது. நான் சாக்பீஸ் கையோடு நின்றேன். அதுவரை அது மதிப்பெண். அந்த நிமிடம்தான் அந்த வைர வடிவம் என் அக்காவின் பிள்ளை என்று உறைத்தது.

பயந்துவிட்டேன். உண்மையிலேயே பயந்தேன், அதில் நடிப்பில்லை. ஆனால் பயத்தோடு கூடவே ஒரு பெருமையும் இருந்தது. இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்ற பெருமை. அம்மாவிடம் சொன்னால் தம்பிக்குப் பயந்து அமுக்கிவிடுவாள், அக்காவிடம் சொன்னால் அழுவாள் என்று நானே இருவருக்கும் பதில் எழுதிவைத்துக்கொண்டேன். இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறன்று, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்று படித்தபோது, அது என்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். பூசை முடிந்து, பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடை மாற்றும் அறைக்கு ரெக்கார்டு நோட்டோடு போனேன். ஓலையில் கேட்டதற்குப் பதில் சொல்ல ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு போன ஒரே ஆள் அந்தப் பங்கிலேயே நானாகத்தான் இருப்பேன்.

சாமியார் பொறுமையாகக் கேட்டார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சபைச் சட்டப்படி தடை இல்லியேம்மா. ஆயரே அனுமதி குடுத்துட்டாரு."

"பொறக்கப்போற புள்ளைக்கு யாரு ஃபாதர் பேசறது?" என்று கேட்டேன். இந்த வசனத்தை நடந்துவரும்போதே தயார் செய்திருந்தேன்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல ஃபாதர்."

"அக்காகிட்ட?"

"இல்ல."

அவர் நோட்டை மூடினார். "சரி, நோட்ட வச்சுட்டுப் போ. பெரியவங்க வந்தா, ஒரு டாக்டரப் பாத்துட்டுச் செய்யுங்கன்னு பக்குவமாச் சொல்றேன்" என்றார்.

பக்குவமாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மாமா நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தையையும் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. மேசை மேல் நோட்டை விரித்துப்போட்டார்.

"இது யாரு எழுதுனது?"

நான்தான் என்றேன்.

"நான் அனுப்புன காசுல படிச்சு, எம் புள்ளைக்கே மையடிக்கக் கத்துக்கிட்டியா? எங்க ரத்தம் கெட்ட ரத்தமா? அப்ப உங்க அம்மா யாரு ரத்தம்?"

அம்மா ஒன்றும் புரியாமல் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். அத்தையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் சண்டைக்காரர், தன் பிள்ளைகளை ஒரு சொல் சொன்னால் தெருவையே இரண்டாக்குபவர். அன்று வாயே திறக்கவில்லை. அத்தான் ஒரு தடவை, "அப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். அத்தை அவர் கையைப் பிடித்தார். அவர் நிறுத்திக்கொண்டார். நான் அதையெல்லாம் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறார்கள் என்று அர்த்தம் செய்துகொண்டேன். ரிசல்ட்டை முதலில் எழுதியவளுக்கு வேறென்ன தோன்றும்?

அதற்குள் மாமா மகள் மேசையருகே வந்துவிட்டாள். படத்தைக் குனிந்து பார்த்தாள். எல்லாம் வெள்ளையாக இருக்க ஒன்று மட்டும் கருப்பாக இருந்ததில் விரலை வைத்தாள். பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்து, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இது நானா என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி மறுபடியும் கேட்டாள். பதில் சொல்லாமல் நின்றேன். மாமா அவளை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அந்த ஞாயிறு வேறு இரண்டு ஜோடிகளுக்கு வாசித்தார்கள். அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். மாமா எங்களோடு பேச்சை முறித்துக்கொண்டார். "உன்னப் படிக்க வச்சு எந்தம்பியத் தொலச்சேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தான் அந்த வருடமே கத்தாருக்குப் போனார். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ரெக்கார்டு வரைவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். மூன்றாம் வருடப் படங்களை நானே வரைந்தேன், மதிப்பெண் குறைந்தது.

இரண்டு வருடம் கழித்து, உறவே இல்லாத இடத்தில், அரியலூர்ப் பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கிறார்கள். லீவுக்கு வருவாள், சமைப்பாள், பிள்ளைகளின் பாடத்தைப் பற்றி என்னிடம் கேட்பாள். பழைய கிண்டல் மட்டும் போய்விட்டது. என்னைப் பார்த்து மூக்கைச் சுளிப்பதே இல்லை. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது போன பிறகுதான் தெரிந்தது.

நான் எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு நாள் அதே மாதிரிக் கணக்கு வகுப்பில் வந்தது. ஆசிரியர் படிப்படியாகப் போட்டார். மாப்பிள்ளையிடம் அந்த ஜீன் இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, பெண்ணிடம் இருக்க நாலில் ஒன்று, இருவரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு நாலில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் இருபத்துநாலில் ஒன்று. நான் எழுதியதைவிட ஆறு மடங்கு குறைவு. வெளியே வந்து குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அப்போதும் ஒரு மூலையில் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். கணக்குத் தப்பு, ஆனாலும் ஆபத்து என்று ஒன்று இருந்தது உண்மைதானே என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன். நானே ஒரு கல்லூரியில் மரபியல் எடுக்கத் தொடங்கினேன். சதுரம், வட்டம், இரட்டைக் கோடு என்று வருடா வருடம் சொல்லிக்கொடுத்தேன்.

போன வருடம் மாமா இறந்தார். சாவுக்கு எல்லோரும் போனோம். முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பிட வந்தவர்கள் கலைந்த பிறகு, அக்கா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, அத்தை அம்மாவையும் என்னையும் அடுப்படியில் உட்காரவைத்தார்.

"அண்ணி, அது பொறவி இல்ல" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"எட்டு மாசத்துல காய்ச்சல் கண்டுச்சு. பல்லு மொளைக்குது, அதான்னு நெனச்சேன். மெடிக்கல்ல சிரப் வாங்கி ஊத்துனேன். மூணு நாள். நாலாம் நாள் ஃபிட்ஸ் வந்தப்பறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். மூளக் காய்ச்சல்னாங்க. உயிரு பொழைச்சுது, காது போயிருச்சு. அவங்க மஸ்கட்ல இருந்தாங்க. போன்ல பொறவியிலேயே அப்படின்னு சொல்லிட்டேன். என்னால ஆச்சுன்னு எப்படி அண்ணி சொல்றது? பையன் கூட இருந்து பாத்தான். அவன் வாயயும் கட்டிப்போட்டேன். அவங்க கண்ண மூடுற வரைக்கும் சொல்லல."

எட்டு மாதத்தில் காய்ச்சல். எந்த ஜீனும் இல்லை. நாலில் ஒன்றும் இல்லை, இருபத்துநாலில் ஒன்றும் இல்லை. அந்த வட்டம் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் தூக்க வந்த மாமா மகள் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, என்ன என்று கையால் கேட்டாள். இந்தத் தடவையும் நான் பதில் சொல்லவில்லை.

அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அக்காவும் நானும் காரைக்கால் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். தார்ப்பாய் கட்டிய நிலக்கரி லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அத்தை சொன்னதை அவளிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும், "நம்மகிட்ட மறைச்சுட்டாங்களேக்கா" என்றேன். அந்த நேரத்திலும் பழியில் கொஞ்சத்தையாவது இறக்கி வைக்க ஓர் இடம் தேடியிருக்கிறேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் பேசுனப்பவே அத்தான் எங்கிட்ட சொன்னாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. மாமாவுக்குத் தெரிஞ்சா அத்தைய வச்சு வாழ மாட்டாருன்னு பயம்."

"அன்னைக்கு மாமா வந்து கத்துனப்ப நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்லுவேன்? அத்தை மொகத்தப் பாத்தல்ல? அந்தக் கல்யாணத்த நான் எப்படிப் பண்ணிக்கிறது, அவங்களக் காட்டிக் குடுத்துட்டு?"

பஸ் தூரத்தில் தெரிந்தது. அக்கா முந்தானையை இறக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அதுக்கு முன்னாடி, வீட்டுல நாம ரெண்டு பேரும் மட்டும் உக்காந்திருந்தோம். இத கருப்படிக்கணுமான்னு உன்ன ரெண்டு தடவ கேட்டேன். ஏங்க்கா கேக்குறன்னு நீ ஒரு தடவ கேட்டிருந்தா, சத்தியமாவது ஒண்ணாவதுன்னு உங்கிட்ட சொல்லியிருப்பேன்டி. நீ தலய நிமிரவே இல்ல. அடிக்கா, நேரமாச்சுன்ன."

பஸ் வந்து நின்றது. அவள் முதலில் ஏறினாள்.